‘தி’ ஒன்றா, இரண்டா?

வாசகர் கேள்வி – பதில்

ஆங்கிலத்தில் இரண்டு பெயரடைகள் சேர்ந்து வந்தால், அவற்றுக்குப் பின் வரும் பெயர்ச்சொல் ஒருமையா, பன்மையா? இந்த ஒரு சந்தேகம்தான் பல வடிவங்களில் கேள்வியாக வந்திருக்கிறது. எடுத்துக்காட்டுகளை ஒலிப்புப்படி தமிழ் எழுத்திலேயே தருகிறோம். சொல்லின் கடைசியில் வரும் ‘ஸ்’ஸை மட்டும் கவனமாகப் பாருங்கள்.

கேள்வி: அலுவலகக் கடிதம் ஒன்றில் ‘தி இங்கிலிஷ் அண்ட் தமிழ் லாங்வேஜ்’ என்று எழுதியிருந்தேன். மேலதிகாரி ‘லாங்வேஜஸ்’ என்று திருத்தினார். ஆங்கிலம் ஒரு மொழி, தமிழ் ஒரு மொழி. தனித்தனியே ஒருமைதானே, பன்மை எதற்கு?

பதில்: திருத்தம் சரி. ஆனாலும் உங்கள் வாதத்தில் பாதி நியாயம் இருக்கிறது. அந்தப் பாதியை ஆங்கிலம் வேறொரு வடிவத்தில் ஏற்றுக்கொள்ளும்.

சொல்ல வந்ததை முதலில் முழுக்க விரித்து எழுதிப் பாருங்கள்: ‘தி இங்கிலிஷ் லாங்வேஜ் அண்ட் தி தமிழ் லாங்வேஜ்’. ‘லாங்வேஜ்’ இரண்டு தடவை வருவது காதுக்கு உறுத்துகிறது, ஒன்றை எடுத்துவிடலாம். எடுப்பதற்கு இரண்டு வழி உண்டு. முதல் ‘லாங்வேஜ்’ஜை மட்டும் உருவிவிட்டு மற்ற எதையும் தொடாமல் விட்டால் கிடைப்பது ‘தி இங்கிலிஷ் அண்ட் தி தமிழ் லாங்வேஜ்’. இதில் இரண்டாவது ‘தி’ தன் இடத்திலேயே இருக்கிறது. ஆகவே இரண்டு தனிப் பொருள்கள் என்று வாசிப்பவருக்குத் தெரிந்துவிடுகிறது. பெயர் ஒருமையில் நிற்கலாம். இன்னொரு வழி, இரண்டு மொழிகளையும் ஒரே ‘தி’யின் கீழ் ஒரு கட்டாகக் கட்டுவது: ‘தி இங்கிலிஷ் அண்ட் தமிழ் லாங்வேஜஸ்’. இரண்டாவது ‘தி’ போய்விட்டதால் இரண்டு என்பதைச் சொல்லும் வேலை ‘ஸ்’ஸிடம் வந்து சேர்கிறது.

இரண்டு என்பதற்கான அடையாளம் எங்காவது ஓரிடத்தில் இருக்க வேண்டும். இரண்டாவது ‘தி’யில் இருக்கலாம், பெயரின் பன்மையில் இருக்கலாம். நீங்கள் எழுதியதில் இரண்டுமே இல்லை. அதனால்தான் திருத்தம் விழுந்தது. இரண்டையும் ஒருசேரப் போட்டு ‘தி இங்கிலிஷ் அண்ட் தி தமிழ் லாங்வேஜஸ்’ என்று எழுதுவோரும் உண்டு. அச்சிலும் அதைப் பார்க்கலாம். நாம் அதைச் சிபாரிசு செய்யமாட்டோம். ‘தி தமிழ் லாங்வேஜஸ்’ என்ற துண்டு மட்டும் கண்ணில் பட்டால், தமிழ் மொழிகள் பல இருப்பதுபோல ஒரு கணம் தோன்றும்.

அடுத்து வினைச்சொல். பெரும்பாலோர் வழுக்கி விழும் இடம் இதுதான். எந்த வடிவத்தை எடுத்தாலும் பேசப்படுவது இரண்டு மொழிகளைப் பற்றி. எனவே வினை பன்மையாகத்தான் வரும். ‘தி இங்கிலிஷ் அண்ட் தி தமிழ் லாங்வேஜ் ஹேவ்’ என்பதே சரி. ‘லாங்வேஜ்’ ஒருமையாக வினைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பதால் கை தானாக ‘ஹாஸ்’ என்று எழுதப் பார்க்கும். இந்தத் தொல்லை வேண்டாம் என்பவர்கள் ஒரே ‘தி’யும் பன்மைப் பெயரும் உள்ள வடிவத்தையே பழக்கமாக வைத்துக்கொள்வது நல்லது. இரண்டையும் எதிரெதிரே நிறுத்தி வேறுபடுத்திக் காட்ட விரும்பும்போது மட்டும் ‘தி’யைத் திருப்பிச் சொல்லுங்கள்.

தமிழர்களுக்கு இது ஏன் இவ்வளவு சிரமம் என்பதற்குக் காரணம் நம் இலக்கணத்திலேயே இருக்கிறது. ‘மாடு வந்தது’, ‘மாடு வந்தன’ இரண்டும் சரியான தமிழ். ‘மாடு’ என்ற சொல் அப்படியே நிற்கிறது. ஒன்றா பலவா என்பதை வினை சொல்கிறது. இத்தகைய பெயர்களைப் பால்பகா அஃறிணைப் பெயர் என்று இலக்கணம் தனியாகவே வகுத்து வைத்திருக்கிறது. ‘பத்து மரம்’, ‘இரண்டு பாடம்’ என்று ‘கள்’ இல்லாமல் பேசுவதும் நமக்கு இயல்பு. ஆங்கிலப் பெயருக்கு இந்தச் சலுகை கிடையாது. ‘ஸ்டூடன்ட்’ போன்ற மனிதப் பெயர்களில் நம்மவர் இந்தப் பிழையை அவ்வளவாகச் செய்வதில்லை. ‘சாப்டர்’, ‘லாங்வேஜ்’, ‘ஃப்ளோர்’ போன்ற அஃறிணைப் பெயர்களில்தான் அதிகம் செய்கிறோம் என்பதையும் கவனித்துப் பாருங்கள்.

கேள்வி: ‘தி ரெட் அண்ட் வைட் கார்’ என்றால் ஒரு காரா, இரண்டு காரா? வகுப்பில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

பதில்: ஒரு கார். சிவப்பும் வெள்ளையும் கலந்த ஒரே கார். இரண்டு கார் என்றால் ‘தி ரெட் அண்ட் தி வைட் கார்’ என்று வர வேண்டும். இன்னும் இயல்பாகச் சொல்வதானால் ‘தி ரெட் கார் அண்ட் தி வைட் ஒன்’.

நிறத்தில் இந்தக் கேள்வி எழுவதற்கு ஒரு காரணம் உண்டு. சில பெயரடைகள் ஒரே பொருளில் சேர்ந்து இருக்க முடியும், சில முடியாது. ஒரு கார் சிவப்பாகவும் வெள்ளையாகவும் இருக்கலாம். ஓர் அத்தியாயம் முதலாவதாகவும் இரண்டாவதாகவும் இருக்க முடியாது. ஒரு கை வலதாகவும் இடதாகவும் இருக்க முடியாது. சேர முடியாத ஜோடி என்றால் வாசிப்பவர் தானாகவே இரண்டு என்று புரிந்துகொள்வார். அதனால்தான் ‘தி லெஃப்ட் அண்ட் ரைட் ஹேண்ட்’ என்று ஒரே ‘தி’யும் ஒருமையுமாக நல்ல ஆங்கிலம் எழுதுவோரே சில நேரம் எழுதிவிடுகிறார்கள். பொருள் குழம்புவதில்லை, காதுக்கும் பழகிய ஜோடி. வேறொருவர் எழுத்தில் அப்படிக் கண்டால் சிவப்பு மையை எடுக்க வேண்டாம். தேர்வுத் தாளிலும் அலுவலகக் கடிதத்திலும் நீங்கள் எழுதும்போது ‘ஹேண்ட்ஸ்’ போடுங்கள். அதை யாரும் தப்பு சொல்ல முடியாது.

சேரக்கூடிய ஜோடிக்கு இந்தச் சலுகை இல்லை. அங்கே ஒருமை வந்தால் பொருளே மாறிவிடும். பன்மை வந்தாலும் முழுக்கத் தப்பிக்க முடியாது என்பதுதான் வேடிக்கை. ‘ரெட் அண்ட் வைட் கார்ஸ்’ என்றால் ஒவ்வொரு காரிலும் இரண்டு நிறமா, சில சிவப்பும் சில வெள்ளையுமா? இரண்டு பொருளும் வரும். ஒவ்வொன்றிலும் இரண்டு நிறம் என்றால் இணைப்புக்கோடு போட்டு ‘ரெட்-அண்ட்-வைட் கார்ஸ்’ என்று எழுதலாம். தனித்தனி என்றால் ‘ரெட் கார்ஸ் அண்ட் வைட் கார்ஸ்’ என்று பெயரைத் திருப்பிச் சொல்லிவிடுவதே மேல். கூறியது கூறல் என்று யாரும் குற்றம் பிடிக்கமாட்டார்கள்.

‘தி’க்குப் பதில் ‘எ’ வந்தால் கதை இன்னும் கறார். ‘எ’ ஒருமைக்கே உரியது. அதன் கீழ் இரண்டைக் கட்டாகக் கட்ட முடியாது. ‘எ ரெட் அண்ட் வைட் ஃப்ளாக்’ என்றால் ஒரு கொடி. ‘எ ரெட் அண்ட் எ வைட் ஃப்ளாக்’ என்றால் இரண்டு கொடி. ‘எ ரெட் அண்ட் வைட் ஃப்ளாக்ஸ்’ என்பது எந்தக் கணக்கிலும் சேராது. இதே வழியில், ‘எ பிரைமரி அண்ட் செகண்டரி ஸ்கூல்’ என்றால் தொடக்கப் பிரிவும் இடைநிலைப் பிரிவும் உள்ள ஒரே பள்ளி. இரண்டு பள்ளிகள் என்றால் ‘எ பிரைமரி அண்ட் எ செகண்டரி ஸ்கூல்’. ஓர் ‘எ’ விட்டுப்போனால் ஒரு பள்ளியே காணாமல் போகும்.

கேள்வி: ஆவணங்களை ஆங்கிலத்தில் தயாரிக்கும் வேலை எனக்கு. ‘ஹிஸ் எல்டர் அண்ட் யங்கர் பிரதர்ஸ்’ என்று ஓர் உயிலில் எழுதினேன். மொத்தம் எத்தனை பேர் என்று கேட்கிறார்கள். நீங்கள் சொல்லும் விதிப்படி பன்மைதானே போட்டிருக்கிறேன்?

பதில்: விதிப்படி சரி; உயிலுக்கு ஆகாது. ஓர் அண்ணன், ஒரு தம்பி என்று இரண்டு பேராகவும் இருக்கலாம். மூன்று அண்ணன், நான்கு தம்பி என்று ஏழு பேராகவும் இருக்கலாம். ‘பிரதர்ஸ்’ஸில் உள்ள ‘ஸ்’, இரண்டு வகை இருப்பதால் வந்ததா, ஒரே வகையில் பலர் இருப்பதால் வந்ததா என்பதைச் சொல்வதில்லை.

‘தி ஃபர்ஸ்ட் அண்ட் செகண்ட் சாப்டர்ஸ்’ என்பதில் இந்தக் குழப்பம் வராது. ஒரு புத்தகத்துக்கு முதல் அத்தியாயம் ஒன்றுதான். அண்ணன், தம்பி, கிளை, கணக்கு, கட்டடம் என்று ஒவ்வொரு வகையிலும் பல இருக்கக்கூடிய பெயர்களில்தான் ஆபத்து. இங்கே ஒருமை வடிவம் தன் முழு மதிப்பையும் காட்டும்: ‘ஹிஸ் எல்டர் அண்ட் ஹிஸ் யங்கர் பிரதர்’ என்றால் அண்ணன் ஒருவர், தம்பி ஒருவர்; மொத்தம் இரண்டு பேர், அவ்வளவுதான். ‘ஹிஸ்’, ‘மை’, ‘அவர்’ (‘எங்கள்’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்) போன்ற உடைமைச் சொற்கள் இந்த விஷயத்தில் ‘தி’யைப் போலவே நடக்கும், திரும்ப வந்தால் பெயர் ஒருமை. ஓர் அண்ணன், பல தம்பி என்றால் சுருக்கவே வேண்டாம்: ‘ஹிஸ் எல்டர் பிரதர் அண்ட் ஹிஸ் யங்கர் பிரதர்ஸ்’. சட்ட ஆவணத்தில் எண்ணிக்கையையும் பெயர்களையும் சேர்த்தே எழுதிவிடுங்கள். ஓர் ‘ஸ்’ஸை நம்பிச் சொத்தைப் பிரிக்கக் கூடாது.

கேள்வி: நூற்றாண்டுகளை எழுதும்போது ‘செஞ்சுரி’யா, ‘செஞ்சுரீஸா’? பாடநூல்களில் இரண்டையும் பார்க்கிறேன். அத்தியாய எண், பக்க எண் எழுதுவதையும் சேர்த்துச் சொல்லுங்கள். (ஓர் ஆசிரியை)

பதில்: இரண்டையும் பார்ப்பீர்கள், இரண்டும் சரியாகவே இருக்கக்கூடும். இடம்தான் வேறு.

‘இன் தி நைன்டீன்த் அண்ட் ட்வென்டியத் செஞ்சுரீஸ்’ என்றால் பன்மை. நடுவில் ‘எர்லி’, ‘லேட்’ நுழைந்தாலும் அதேதான்: ‘தி லேட் நைன்டீன்த் அண்ட் எர்லி ட்வென்டியத் செஞ்சுரீஸ்’. ஆனால் ‘ஃப்ரம்… டு’ வந்தால் ஒருமை: ‘ஃப்ரம் தி நைன்டீன்த் டு தி ட்வென்டியத் செஞ்சுரி’. இங்கே இரண்டையும் கட்டாகக் கட்டவில்லை; ஓர் எல்லையிலிருந்து இன்னோர் எல்லைக்குப் போகிறோம். இரண்டாவது ‘தி’யை விடாமல் எழுதுவது நல்லது. ‘பிட்வீன்’ வரும்போது இரண்டு வடிவமும் வழக்கில் உண்டு: ‘பிட்வீன் தி ஃபர்ஸ்ட் அண்ட் செகண்ட் ஃப்ளோர்ஸ்’ அல்லது ‘பிட்வீன் தி ஃபர்ஸ்ட் அண்ட் தி செகண்ட் ஃப்ளோர்’.

நூற்றாண்டு இன்னொரு பெயருக்கு அடைமொழியாக வந்தால் ‘ஸ்’ கிடையவே கிடையாது. ‘நைன்டீன்த்- அண்ட் ட்வென்டியத்-செஞ்சுரி பொயட்ஸ்’: கவிஞர்கள்தான் பன்மை, ‘செஞ்சுரி’ அவர்களை விவரிக்கும் சொல் மட்டுமே. ‘நைன்டீன்த்’தை ஒட்டி ஒரு கோடு தொங்குகிறதே, அது அச்சுப்பிழை அல்ல. ‘செஞ்சுரி’ என்ற சொல் பின்னால் வந்து அதோடும் சேரும் என்பதற்கான குறி. ‘ஃபர்ஸ்ட்- அண்ட் செகண்ட்-இயர் ஸ்டூடன்ட்ஸ்’ என்பதிலும் அப்படியே. ‘இயர்ஸ்’ என்று எழுதினால் பிழை. ‘தி பப்ளிக் அண்ட் பிரைவேட் செக்டர்ஸ்’ என்று பன்மையில் எழுதியவர்கள், அடுத்த வரியிலேயே ‘பப்ளிக் அண்ட் பிரைவேட் செக்டர் எம்ப்ளாயீஸ்’ என்று ஒருமையில் எழுதுவதும் இதனால்தான். பாடநூலில் நீங்கள் பார்த்த ‘செஞ்சுரி’ இப்படி அடைமொழியாக வந்ததா என்று திரும்பிப் பாருங்கள்.

அத்தியாயங்களுக்கு வருவோம். ‘தி ஃபர்ஸ்ட் அண்ட் செகண்ட் சாப்டர்ஸ்’ சரிதான். ஆனால் ‘தி ஃபர்ஸ்ட் டூ சாப்டர்ஸ்’ என்று சொன்னால் ஒருமை பன்மைச் சண்டையே இல்லை. ‘தி டூ ஃபர்ஸ்ட் சாப்டர்ஸ்’ என்று வரிசையை மாற்றிவிடாதீர்கள். மூன்று அல்லது அதற்கு மேல் வரும்போது ‘தி’யைத் திரும்பத் திரும்பப் போடுவது அலுப்புத் தட்டும்; ‘தி ஃபர்ஸ்ட், தேர்ட் அண்ட் ஃபிஃப்த் சாப்டர்ஸ்’ என்று பன்மையில் முடித்துவிடுங்கள். பெயர் முன்னால் வந்து எண் பின்னால் வந்தால் அப்போதும் பன்மைதான்: ‘சாப்டர்ஸ் 3 அண்ட் 4’, ‘பேஜஸ் 12 டு 15’. வினாத்தாள்களில் அடிக்கடி தென்படும் ‘சாப்டர் 3 அண்ட் 4’ தமிழின் ‘பாடம் 3, 4’ அப்படியே இடம் பெயர்ந்தது. பக்க எண்ணுக்குச் சுருக்கக்குறி எழுதும்போதும் இதே கணக்கு: ஒரு பக்கத்துக்கு ஒரு ‘பி’, பல பக்கங்களுக்கு ‘பிபி’.

கேள்வி: ‘அல்லது’ என்று பொருள்படும் ‘ஆர்’ வந்தால்?

பதில்: ஒருமை. ‘தி ஃபர்ஸ்ட் ஆர் செகண்ட் சாப்டர்’, வினையும் ஒருமை: ‘ஹாஸ்’. இரண்டில் ஒன்றைத்தான் எடுக்கப்போகிறீர்கள். ‘ஐதர்… ஆர்’, ‘நைதர்… நார்’ ஜோடிகளுக்கும் இதுவே: ‘நைதர் தி ஃபர்ஸ்ட் நார் தி செகண்ட் ஆன்ஸர் இஸ் கரெக்ட்’. இரண்டு விடையும் தவறு என்பதால் பன்மை போடத் தோன்றும், போடாதீர்கள்.

வரிசை எண்ணுக்குப் பதில் வெறும் எண் வந்தால் ‘ஆர்’ இருந்தும் பன்மைதான்: ‘ஒன் ஆர் டூ சாப்டர்ஸ்’, ‘ஒன் ஆர் மோர் சாப்டர்ஸ்’. பெயருக்கு மிக அருகில் இருக்கும் எண் ஒன்றுக்கு மேல் போய்விட்டது. இதற்கு நேர் எதிராக ‘மோர் தேன் ஒன் சாப்டர் ஹாஸ்’ என்பது ஒருமை. பொருளில் பல, இலக்கணத்தில் ஒன்று. ஏனெனில் பெயருக்குப் பக்கத்தில் ‘ஒன்’ உட்கார்ந்திருக்கிறது. இதில் தர்க்கம் தேடினால் தலைவலிதான் மிஞ்சும். அப்படியே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: ஒரே ‘தி’, அல்லது ‘தி’யே இல்லை என்றால் பன்மை என்று கற்றுக்கொண்டு ‘டெக்னிக்கல் அண்ட் ஃபைனான்ஷியல் இன்ஃபர்மேஷன்ஸ்’ என்று எழுதினேன். அதையும் தப்பு என்கிறார்கள்!

பதில்: தப்புதான். ‘இன்ஃபர்மேஷன்’ எண்ண முடியாத பெயர்; எத்தனை பெயரடைகளை முன்னால் அடுக்கினாலும் அதற்கு ‘ஸ்’ ஒட்டாது. ‘அட்வைஸ்’, ‘ஃபர்னிச்சர்’, ‘ஈக்விப்மென்ட்’, ‘சாஃப்ட்வேர்’, ‘மியூசிக்’ எல்லாம் இதே குடும்பம். ‘கிளாசிகல் அண்ட் மாடர்ன் மியூசிக்’, ‘ஆர்கானிக் அண்ட் இன்ஆர்கானிக் கெமிஸ்ட்ரி’ என்று ஒருமையிலேயே விட்டுவிடுங்கள். விதியை அரைகுறையாகப் பிடித்துக்கொண்டவர்கள் செய்யும் பிழை இது. விதியே தெரியாதவர்கள் இதில் பிழைத்துக்கொள்வார்கள்!

வினை மட்டும் பேசப்படும் பொருளைப் பார்த்து மாறும். ‘ஹாட் அண்ட் கோல்ட் வாட்டர் இஸ் அவைலபிள்’ என்றால் வெந்நீரும் தண்ணீரும் சேர்ந்து ஒரே வசதி, ஒருமை வினை. ‘ஹாட் அண்ட் கோல்ட் வாட்டர் ரன் த்ரூ செபரேட் பைப்ஸ்’ என்றால் இரண்டும் தனித்தனிக் குழாயில் ஓடுகின்றன. ‘ரன்ஸ்’ அல்ல, ‘ரன்’. பெயர் இரண்டு வாக்கியங்களிலும் ‘வாட்டர்’தான். ‘வாட்டர்ஸ்’ என்று எழுதினால் கடற்பரப்பு என்ற வேறு பொருளுக்குப் போய்விடும். சில பெயர்களுக்கு ‘ஸ்’ சேர்த்தால் வகைகள் என்று பொருள் வரும்: ‘கிரீன் அண்ட் பிளாக் டீ’ என்றால் இரண்டு தேநீர், ‘கிரீன் அண்ட் பிளாக் டீஸ்’ என்றால் இரண்டிலும் பல ரகங்கள்.

இரண்டு பொறிகளையும் இங்கேயே காட்டிவிடுகிறோம். ‘தியரெட்டிகல் அண்ட் எக்ஸ்பெரிமென்டல் ஃபிசிக்ஸ்’ என்பதில் கடைசி ‘ஸ்’ பன்மை அல்ல, சொல்லின் பகுதி. ‘பிளான்ட் அண்ட் அனிமல் ஸ்பீஷீஸ்’ என்பதில் ‘ஸ்பீஷீஸ்’ ஒருமைக்கும் பன்மைக்கும் ஒரே வடிவம்.

கேள்வி: ‘நார்த் அண்ட் சவுத் கொரியாஸ்’ என்று ஏன் எழுதுவதில்லை? இரண்டு நாடுகள்தானே?

பதில்: நல்ல கேள்வி. ‘நார்த் கொரியா’ முழுவதும் ஒரு பெயர். அதன் முன் ‘தி’ வருவதில்லை. ‘தி’ இல்லாத இடப்பெயர்களைச் சுருக்கும்போது ஆங்கிலம் கடைசிச் சொல்லைப் பன்மையாக்குவதில்லை: ‘நார்த் அண்ட் சவுத் கொரியா’, ‘நார்த் அண்ட் சவுத் அமெரிக்கா’. வினை பன்மை. ‘ஈஸ்ட் அண்ட் வெஸ்ட் ஜெர்மனி வேர் ரீயுனைட்டட் இன் 1990’ என்று எழுத வேண்டும். 1889 நவம்பர் 2 அன்று ஒரே நாளில் அமெரிக்க மாநிலங்களான இரண்டு டகோட்டாக்களைப் பற்றி எழுதும்போதும் ‘நார்த் அண்ட் சவுத் டகோட்டா வேர்’ என்பதுதான் வடிவம்.

திசைப்பெயரை விட்டுவிட்டு எண்ணிச் சொன்னால் ‘ஸ்’ திரும்பி வந்துவிடும்: ‘தி டூ கொரியாஸ்’, ‘தி டகோட்டாஸ்’, ‘தி டூ ஜெர்மனிஸ்’. கடைசிச் சொல்லின் எழுத்துக்கூட்டலைக் கவனியுங்கள். ‘சிட்டி’ என்ற சொல்லில் ஒய் எழுத்து மாறி ஐ-இ-எஸ் வருவதுபோல இங்கே மாறாது. ஒய்யை அப்படியே வைத்து எஸ் சேர்க்க வேண்டும். சிறப்புப்பெயரின் உருவத்தைச் சிதைப்பதில்லை என்பது அங்குள்ள வழக்கம்.

‘தி’யோடு வழங்கும் பெயர்கள் பழைய விதிக்கே திரும்பிவிடும்: ‘தி ஃபர்ஸ்ட் அண்ட் செகண்ட் வேர்ல்ட் வார்ஸ்’, ‘தி அட்லான்டிக் அண்ட் பசிபிக் ஓஷன்ஸ்’, ‘தி நார்த் அண்ட் சவுத் போல்ஸ்’, ‘தி ஓல்ட் அண்ட் நியூ டெஸ்டமென்ட்ஸ்’. பள்ளி வகுப்புகளைச் சொல்லும்போது ‘தி’ போட்டால் ‘தி தேர்ட் அண்ட் ஃபோர்த் கிரேட்ஸ்’; ‘தி’ இல்லாமல் சொன்னால் ‘இன் தேர்ட் அண்ட் ஃபோர்த் கிரேட்’. ஒரு ‘தி’யின் வரவும் போக்கும் எவ்வளவு வேலை செய்கிறது, பாருங்கள்.

கேள்வி: ‘தி செக்ரட்டரி அண்ட் ட்ரெஷரர் ஹாஸ்’ என்று அழைப்பிதழில் அச்சடித்துவிட்டோம். சங்கத்தில் சண்டை.

பதில்: செயலாளரும் பொருளாளரும் ஒரே ஆள் என்றால் அச்சடித்தது சரி. இரண்டு பேர் என்றால் ‘தி செக்ரட்டரி அண்ட் தி ட்ரெஷரர் ஹேவ்’ என்று வந்திருக்க வேண்டும். இப்போதைய அச்சின்படி அவர்களில் ஒருவருக்குப் பதவி போய்விட்டது. சண்டைக்கு முகாந்திரம் இருக்கிறது.

‘அண்ட்’டுக்குப் பதில் ‘ஆஸ் வெல் ஆஸ்’ வந்தால் வினை முதலாவதை மட்டும் பார்க்கும்: ‘தி செக்ரட்டரி ஆஸ் வெல் ஆஸ் தி ட்ரெஷரர் ஹாஸ்’. ‘எவ்ரி’ முன்னால் வந்தால் ‘அண்ட்’ இருந்தும் ஒருமைதான்: ‘எவ்ரி பாய் அண்ட் எவ்ரி கேர்ள் ஹாஸ்’.

கேள்வி: ஏழைகள், பணக்காரர்கள் என்பதற்கு ‘தி ரிச்சஸ் அண்ட் தி புவர்ஸ்’ சரியா?

பதில்: இல்லை. ‘தி ரிச் அண்ட் தி புவர்’. பெயரடையே பெயராக நின்று ஒரு கூட்டத்தைக் குறிக்கும்போது ‘ஸ்’ சேராது. வினை மட்டும் பன்மை. ‘ரிச்சஸ்’ என்றால் செல்வம்.

கேள்வி: ‘போத்’ போட்டால் எப்படி எழுதுவது?

பதில்: ‘போத் தி இங்கிலிஷ் அண்ட் தி தமிழ் வெர்ஷன்’ அல்லது ‘போத் தி இங்கிலிஷ் அண்ட் தமிழ் வெர்ஷன்ஸ்’. கண்டிப்பான எடிட்டர்கள் முதலாவதையே கேட்பார்கள். ‘போத்’துக்குப் பின் ‘தி’ வந்தால் ‘அண்ட்’டுக்குப் பின்னும் ‘தி’ வந்து தராசு சமமாக வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. வினை இரண்டிலும் பன்மை.

கேள்வி: ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பவன் நான். ‘தி ரெட் அண்ட் வைட் கார்ஸ்’ என்பதைச் ‘சிவப்பு மற்றும் வெள்ளை கார்கள்’ என்று எழுதினால் போதுமா?

பதில்: போதாது. மூலத்தின் குழப்பத்தை அப்படியே இறக்குமதி செய்திருக்கிறீர்கள். கூடவே ஒரு ‘மற்றும்’ வேறு. இரண்டு பெயரடைகளுக்கு நடுவே ‘மற்றும்’ போடுவது ‘அண்ட்’டின் நிழல். தமிழுக்கு ‘உம்’ இருக்கிறது. அது இந்த இடத்தில் ‘அண்ட்’டைவிடத் துல்லியமானது, எதோடு ஒட்டுகிறோம் என்பதிலேயே பொருள் பிரிந்துவிடும். நிறத்தோடு ஒட்டினால் ‘சிவப்பும் வெள்ளையும் கலந்த கார்கள்’. காரோடு ஒட்டினால் ‘சிவப்புக் கார்களும் வெள்ளைக் கார்களும்’. எது என்று தெரியாமல் தமிழில் எழுத முடியாது. ஆகவே முதலில் மூலத்தின் முன்பத்தியைப் பாருங்கள். எத்தனை கார், என்ன நிறம் என்று அங்கே எங்காவது சொல்லியிருப்பார்கள். படம் இருந்தால் அதைப் பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் எழுதியவரையே கேட்டுவிடுங்கள். ஊகித்து எழுதிவிட்டு அச்சேறிய பின் திருத்துவதைவிட அது சுலபம்.

‘தி ஃபர்ஸ்ட் அண்ட் செகண்ட் சாப்டர்ஸ்’ என்பதற்கும் ‘முதலாவது மற்றும் இரண்டாவது அத்தியாயங்கள்’ வேண்டாம். ‘முதல் இரண்டு அத்தியாயங்கள்’ என்று எழுதினால் மூன்று சொல்லில் முடிந்தது.